ஜார்ஜ் நகாஷிமா

ஜார்ஜ் நகாஷிமா (மே 24, 1905 – ஜூன் 15, 1990) சப்பானிய வம்சாவளியில் வந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞரும் மரத்தச்சரும் ஆவார். 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் கைவினைத் தளபாட இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். மரத்தின் இயற்கையான விளிம்பையும் வெடிப்பையும் மறைக்காமல் அப்படியே காட்டும் மேசைகளால் உலகப் புகழ் பெற்றார். இவர் முதன்முதலாகத் தளபாடங்களை வடிவமைத்துச் செய்வித்த இடம் புதுச்சேரி என்பது குறிப்பிடத்தக்கது. அங்குள்ள கோல்கொண்ட் விடுதிக் கட்டுமானத்தை 1930களின் இறுதியில் களத்திலிருந்து மேற்பார்வையிட்டவர் இவரே.

இளமையும் கல்வியும்

நகாஷிமா, அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்திலுள்ள ஸ்போக்கேன் நகரில் பிறந்தார். பெற்றோர் சப்பானிலிருந்து குடியேறியவர்கள். சாமுராய் மரபில் வந்தவர்கள். சிறுவயதில் அப்பகுதியின் மலைகளிலும் காடுகளிலும் நடந்து திரிந்ததே மரங்களின்மீது இவருக்கு ஈடுபாட்டை உண்டாக்கியது. வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் முதலில் வனவியல் பயின்று, பின்னர் கட்டடக்கலைக்கு மாறினார். 1928இல் பிரான்சின் ஃபோன்தேன்புளோ நகரிலிருந்த அமெரிக்கக் கலைப்பள்ளியில் பயின்றார். 1929இல் இளநிலைப் பட்டமும், 1930இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

பட்டம் பெற்ற காலம் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். சில ஆண்டுகள் கிடைத்த வேலையைச் செய்த நகாஷிமா, தம் மகிழுந்தை விற்று, உலகைச் சுற்றும் கப்பலுக்குப் பயணச்சீட்டு வாங்கினார். பாரிசில் சிறிது காலம் தங்கிவிட்டு, வட ஆப்பிரிக்கா வழியாகச் சப்பானைச் சென்றடைந்தார்.

டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் 1934இல் சேர்ந்தார். செக் நாட்டில் பிறந்த ரேமண்ட், ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் இம்பீரியல் ஓட்டல் பணிக்காகச் சப்பானுக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். சப்பானியத் தச்சர்களின் இணைப்பு முறைகளையும் மரவீடுகளையும் நகாஷிமா நெருங்கிக் கண்டது இக்காலத்தில்தான். பின்னாளில் புகழ்பெற்ற சப்பானியக் கட்டடக் கலைஞர் ஜுன்சோ யோஷிமுரா இங்கு இவருடன் பணியாற்றினார்.

புதுச்சேரியில்

கோல்கொண்ட் விடுதி

அப்போது பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தின் சாதகர்களுக்காக ஒரு விடுதி கட்டத் திட்டமிடப்பட்டது. ஆசிரமவாசியும் பொறியாளருமான பிலிப் சேன்ட் இலேர் முன்னரே சப்பானில் வாழ்ந்தவர், ரேமண்டை அறிந்தவர். அந்தத் தொடர்பினால் வடிவமைப்புப் பணி ரேமண்டிடம் வந்தது. ஐதராபாத் சமத்தானத்தின் சர் அக்பர் ஐதரி பெற்றுத்தந்த நிதியால் பணி தொடங்கியதை ஒட்டியே, கோல்கொண்டாவின் நினைவாக, விடுதிக்குக் கோல்கொண்ட் எனப் பெயரிடப்பட்டது.

ரேமண்ட் தம் சார்பில் நகாஷிமாவை அனுப்பினார். களக் கட்டடக் கலைஞராக 1937இல் இவர் புதுச்சேரி வந்தார். செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் பிரான்டிசெக் சாமரும் உடன் பணியாற்றினார். வலுவூட்டிய காங்கிரீட்டில் எழுந்த இந்தியாவின் தொடக்ககால நவீனக் கட்டடங்களுள் கோல்கொண்ட் ஒன்று. அக்காலத்தில் அத்தகைய வேலைக்குப் பழகிய ஆட்கள் அங்கு மிகக் குறைவு. ஆசிரமவாசிகளே பெரும்பாலும் வேலை கற்றுக்கொண்டு கட்டினார்கள்.

கோல்கொண்டின் சிறப்பு, எந்திரக் குளிரூட்டல் இல்லாமலே வெப்பத்தைச் சமாளிப்பதில் உள்ளது. வடக்கு, தெற்கு முகங்கள் முழுவதும் திருப்பக்கூடிய கிடைப்பலகைகளால் ஆனவை. அவற்றைத் திறந்தால் கடற்காற்று அறைக்குள் வரும். சாய்த்தால் வெயிலும் மழையும் தடுக்கப்படும். அறைக்கும் நடைவழிக்கும் இடையில் தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவுகள் உள்ளன. கதவு மூடியிருக்கும்போது உள்ளிருப்பவரைப் பார்க்க இயலாது. ஆனால் காற்று சட்டங்களின் இடைவெளி வழியே சென்றுகொண்டிருக்கும். தரையில் கடப்பைக் கல்லும், சுவரில் மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சும் இடம்பெற்றன. இவை இரண்டும் இப்பகுதி மக்கள் தலைமுறைகளாக அறிந்த பொருட்கள்.

அறைகளுக்கான தளபாடங்களைத் தேக்கு மரத்தில் வடிவமைக்கும் பொறுப்பு நகாஷிமாவுடையதாயிற்று. அதுவரை வரைபலகையில் வேலை செய்த கட்டடக் கலைஞர், வரைந்ததைத் தச்சர்களுடன் நின்று மரத்தில் உருவாக்கிப் பார்த்தது இங்குதான். இவரது பிற்காலத் தொழிலின் தொடக்கம் இது எனலாம்.

சுந்தரானந்தர்

பணிக்கு வந்தவர் விரைவிலேயே சாதகரானார். ஊதியம் பெறுவதை நிறுத்திவிட்டு ஆசிரமவாசிகளுள் ஒருவராக வாழ்ந்தார். அரவிந்தர் இவருக்குச் சுந்தரானந்தர் எனப் பெயர் சூட்டினார். அழகில் இன்பம் காண்பவர் என்பது அதன் பொருள். செய்யும் வேலையையே யோகமாகக் கொள்ளும் கருமயோகக் கருத்தை நகாஷிமா வாழ்நாள் இறுதிவரை கைவிடவில்லை. பிற்காலத்தில் கத்தோலிக்கத் தேவாலயங்களைக் கட்டியபோதும் இக்கருத்தில் மாற்றமில்லை.

உலகப்போர் தொடங்கிய நிலையில், 1939இல் இவர் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். விடுதியின் எஞ்சிய பணிகள் போர்க்காலத் தட்டுப்பாடுகளுக்கு இடையே 1940களில் நிறைவடைந்தன.

தொழில் மாற்றம்

நகாஷிமா 1940இல் அமெரிக்கா திரும்பினார். மேற்குக் கரையில் அப்போது எழுந்துகொண்டிருந்த கட்டடங்களைப் பார்வையிட்டபோது, வடிவமைப்பவர், கட்டுபவர், மேற்பார்ப்பவர் எனப் பணி துண்டுதுண்டாகப் பிரிந்துகிடப்பதைக் கண்டு மனநிறைவு இழந்தார். தொடக்கம் முதல் இறுதிவரை ஒருவரே பொறுப்பேற்கக்கூடிய தொழில் ஒன்றை நாடினார். தளபாடத் தச்சு அதற்கு ஏற்றதாகப்பட்டது. 1941இல் மேரியன் ஒகஜிமாவை மணந்து சியாட்டில் நகரில் குடியேறினார். அங்கே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் நடத்திய சிறுவர் மன்றத்தில், மாணவர்க்குத் தச்சு கற்பிப்பதற்கு ஈடாகக் கிடைத்த இடத்தில் முதல் பட்டறையை அமைத்தார்.

மினிடோகா முகாம்

1941 டிசம்பரில் சப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பெப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் பிறப்பித்த ஆணையை அடுத்து, மேற்குக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 சப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். நகாஷிமாவும் அவ்வாறே. எக்குற்றச்சாட்டும் விசாரணையும் இன்றி, மனைவியுடனும் கைக்குழந்தையான மகள் மிராவுடனும் இவர் ஐடகோ மாநிலத்தின் வறண்ட நிலத்திலிருந்த மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

அம்முகாமில் கென்டாரோ ஹிகோகாவா என்னும் தச்சரை நகாஷிமா சந்தித்தார். அவர் சப்பானிய மரபுத் தச்சில் முறையாகப் பயின்றவர். இரு பட்டங்கள் பெற்ற கட்டடக் கலைஞரான நகாஷிமா அவரிடம் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். மரம் கிடைப்பது அரிதாக இருந்தது. கட்டுமானத்தில் மிஞ்சிய துண்டுகளையும், பாலைநிலத்தில் வளரும் புதர்ச்செடிகளின் முறுக்குண்ட கட்டைகளையும் பொறுக்கிவந்து வேலை செய்தனர். குறைபாடுள்ள கட்டையை எறிந்துவிடாமல் அதன் குறையையே வடிவமாக்கும் முறைக்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

1988இல் அமெரிக்க அரசு இத்தடுப்புக்காவலுக்காக முறைப்படி மன்னிப்புக் கோரியது. உயிருடன் இருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு அளிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அப்போது நகாஷிமாவுக்கு வயது 83.

சப்பானிய இழைப்புளி

ஹிகோகாவாவிடம் நகாஷிமா கற்றது சப்பானியக் கைக்கருவிகளின் பயன்பாடும் மர இணைப்பு முறைகளும் ஆகும். அக்கருவிகளுள் முதன்மையானது கன்னா எனப்படும் இழைப்புளி.

தமிழ்நாட்டுத் தச்சரும் மேலைநாட்டுத் தச்சரும் இழைப்புளியைத் தம்மிடமிருந்து முன்னோக்கித் தள்ளுவர். கன்னாவைத் தம்மை நோக்கி இழுக்க வேண்டும். கைப்பிடியற்ற மரக்கட்டையில் தடித்த அலகு செருகப்பட்டிருக்கும். அலகு இரு அடுக்குகளால் ஆனது: வெட்டும் முனையில் மிகக் கடினமான எஃகின் மெல்லிய அடுக்கு, அதற்குத் தாங்கலாக மென்மையான இரும்பு.

இழைப்புளி எவ்வாறு வெட்டும் என்பதை அலகு மரத்தைச் சந்திக்கும் கோணமே பெரிதும் தீர்மானிக்கிறது. பொதுவான இரும்பு இழைப்புளிகளில் இது 45 பாகை. மென்மரங்களுக்கான கன்னாவில் 38 முதல் 40 பாகை வரை இருக்கும். கோணம் குறையக் குறைய, இழைகளை அறுத்துச் செல்வது எளிதாகும். பலகையின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவ இதுவே ஏற்றது. மேலைநாடுகளில் இதே நோக்கில் தாழ்கோண இழைப்புளி உருவானது. அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம், நகாஷிமா பிறந்த அதே 1905இல் வெளியிட்ட 62ஆம் எண் இழைப்புளி இவ்வகையைச் சேர்ந்தது. அதில் அலகு 12 பாகை சாய்வில், தீட்டிய முகம் மேல்நோக்கி அமர்ந்திருக்கும். தீட்டிய கோணம் 25 பாகை எனில் வெட்டுக்கோணம் 37 பாகை ஆகும். அலகை 38 பாகையில் தீட்டினால் அதே கருவி 50 பாகையில் வெட்டும். இழையோட்டம் மாறிமாறிச் செல்லும் மரங்களிலும் கணுப்பகுதிகளிலும் தாழ்ந்த கோணம் இழைகளைப் பிய்த்துவிடும் என்பதால், அங்கு இவ்வுயர்ந்த கோணமே தேவைப்படுகிறது.

கடையில் வாங்கிய மரபுவழிக் கன்னாவை அன்றே பயன்படுத்த இயலாது என்பதும் அறியத்தக்கது. அலகின் பின்புறத்தைச் சமன்செய்து, அலகு இறுக்கமாக அமரும்படி கட்டையின் பள்ளத்தைச் செதுக்கி, அடிப்பாகத்தைத் திருத்திய பின்னரே அது கருவியாகும். பருவநிலை மாறும்போது கட்டையும் அசையும் என்பதால் இத்திருத்தம் ஒருமுறையோடு முடிவதில்லை. கருவியை வாங்குபவர் அதைச் செய்து முடிப்பவராகவும் இருக்க வேண்டும். நகாஷிமா தொழிலில் தேடிய பொறுப்புணர்வுக்கு இப்பயிற்சி ஒத்திருந்தது.

நியூ ஹோப்

1943இல் ரேமண்ட் பிணை நின்றதால் நகாஷிமா குடும்பம் முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டு, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊரிலிருந்த ரேமண்டின் பண்ணைக்குச் சென்றது. அரசின் போர்க்காலப் பணிகளை ரேமண்ட் செய்துவந்ததால், அங்கு கட்டடக்கலைப் பணியில் ஈடுபட இவருக்கு இடமில்லை. கோழிகளைப் பராமரித்தார், ஓய்வு நேரத்தில் தளபாடம் செய்தார். பின்னர் தம் உழைப்பை விலையாகக் கொடுத்து அருகிலேயே சிறு நிலம் பெற்றார். அதில் முதலில் பட்டறையையும், அதன் பின்பே வீட்டையும் தம் கையால் கட்டினார்.

போருக்குப் பின் நோல் நிறுவனம் இவரது நாற்காலி வடிவமைப்புகளைத் தயாரித்தது. 1952இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் கைவினைத் திறனுக்கான தங்கப்பதக்கம் வழங்கியது. 1973இல் நெல்சன் ராக்ஃபெல்லர், யோஷிமுரா வடிவமைத்த தம் இல்லத்திற்காக 200க்கும் மேற்பட்ட தளபாடங்களைச் செய்யப் பணித்தார்.

தொழில்முறை

நகாஷிமா மரத்தை வாங்கும்போதே அது எவ்வாறு அறுக்கப்பட வேண்டும் என்பதைத் தாமே அறுவை ஆலையில் நின்று முடிவு செய்வார். அறுத்த பலகைகள் ஆண்டுக்கணக்கில் உலர வைக்கப்படும். ஒரு பலகைக்கு உரிய பயன் தெரியும்வரை அது காத்திருக்கும்.

மரத்தின் வெளிவிளிம்பு நேராக வெட்டப்படாமல் விடப்படும். வெடிப்பு மேலும் பரவாதிருக்க, வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டைகள் குறுக்கே பதிக்கப்படும். அவை மறைக்கப்படாமல் அழகின் பகுதியாகவே காட்டப்படும். நாற்காலிகளின் முதுகுச் சட்டங்கள் கையால் சீவப்படும். மேற்பரப்புக்கு எண்ணெய் தேய்த்து மெருகேற்றப்படும். ஆயினும் இவர் எந்திரங்களை வெறுத்தவர் அல்லர். கடினமான முதற்கட்ட வேலையை எந்திரத்திடம் விட்டு, இறுதி வடிவத்தையும் பரப்பையும் கைக்கருவிகளுக்கு ஒதுக்கினார். கைவினையை முழுமையாக எந்திரத்திற்கு எதிராக நிறுத்தியவர்களிடமிருந்து இவர் இதில் வேறுபடுகிறார்.

மீண்டும் இந்தியா

1964இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் அழைப்பை ஏற்று நகாஷிமா இந்தியா வந்தார். அங்கு இவர் வடிவமைத்த தளபாடங்கள் அந்நிறுவனத்தின் பட்டறையில் செய்யப்பட்டன.

1980களில் மாபெரும் கருவாதுமை மரம் ஒன்று இவருக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு ஒவ்வொரு கண்டத்திலும் ஓர் அமைதி மேசையை நிறுவ எண்ணினார். முதல் மேசை 1986இன் இறுதி நாளன்று நியூயார்க்கின் புனித யோவான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. ஆசியாவுக்கான மேசை, இவரது மறைவுக்குப் பின் 1996இல் விழுப்புரம் மாவட்டம் ஆரோவில்லில் நிறுவப்பட்டது. சுந்தரானந்தர் தொழில் தொடங்கிய புதுச்சேரி அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது.

இறுதிக்காலமும் மரபும்

1981இல் தம் வாழ்வையும் தொழிலையும் விளக்கும் மரத்தின் ஆன்மா என்னும் பொருள்படும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1983இல் சப்பான் அரசு புனிதப் புதையல் விருதளித்துச் சிறப்பித்தது. ஜூன் 15, 1990 அன்று நியூ ஹோப்பில் காலமானார். முகாமுக்குக் கைக்குழந்தையாகச் சென்ற மகள் மிரா, கட்டடக்கலை பயின்று 1970 முதல் தந்தையுடன் பணியாற்றியவர். தந்தைக்குப் பின் பட்டறையின் பொறுப்பை அவரே ஏற்றார். நியூ ஹோப் வளாகம் 2014இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.