பதவி போனது, பணி தொடர்ந்தது

பதவியிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்து, இனி நிம்மதியாக ஓய்வெடுங்கள் என்றுதான் நாம் வழக்கமாகச் சொல்கிறோம். ஆனால் சிலருடைய வாழ்வில், பதவி போன பிறகுதான் உண்மையான பணி தொடங்குகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆறாவது அரசுத்தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்படிப்பட்டவர்.

இரண்டாவது அரசுத்தலைவர் ஜான் ஆடம்சின் மகனான இவர், 1825ஆம் ஆண்டு அப்பதவியை ஏற்றார். மறுதேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனிடம் தோற்று, 1829ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெள்ளை மாளிகையை விட்டு வெளியேறினார். அடுத்த மாத இறுதியில் அவருடைய மூத்த மகன் ஜார்ஜ், நீராவிக் கப்பலிலிருந்து விழுந்து இறந்தார். தோல்வியும் துயரமும் சேர்ந்து வந்த அந்த நேரத்தில், தம் வாழ்வு முடிந்துவிட்டதென்று அவர் எண்ணியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் 1830ஆம் ஆண்டு, மாசசூசெட்ஸ் மக்கள் அவரை நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நாட்டின் முதல் நாற்காலியில் அமர்ந்தவர், இருநூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் ஒருவராக அமர்வது தாழ்வல்லவா என்று சிலர் கேட்டனர். மக்களுக்குப் பணியாற்றுவதில் தாழ்வென்று எதுவும் இல்லை என்பது அவருடைய எண்ணமாக இருந்தது. அரசுத்தலைவராக இருந்தபின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இன்றுவரை அவர் ஒருவரே.

அடிமைமுறையை ஒழிக்கக் கோரி, பெண்கள் உட்படப் பல்லாயிரம் பேர் அவைக்கு மனுக்கள் அனுப்பி வந்த காலம் அது. 1836ஆம் ஆண்டு, அம்மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கி வைக்க அவை தீர்மானித்தது. மனு கொடுப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை என்று ஆடம்ஸ் வாதாடினார். கூச்சலுக்கும் மிரட்டலுக்கும் நடுவே, மனுக்களை மீண்டும் மீண்டும் அவைக்குக் கொண்டுவந்தார். 1842இல் அவர்மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவர முயன்றவர்கள், அவருடைய வாதங்களுக்குமுன் பின்வாங்கினார்கள். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் அந்த வாய்ப்பூட்டு விதி நீக்கப்பட்டது. எட்டு ஆண்டுப் போராட்டம் வென்றது.

இதற்கிடையே இன்னொரு அழைப்பும் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்டு, கியூபாவில் விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள், 1839இல் அமிஸ்டாட் என்னும் கப்பலில் கிளர்ந்தெழுந்து அதைக் கைப்பற்றினார்கள். தாயகம் திரும்ப விரும்பிய அவர்கள், அமெரிக்கக் கரையருகே பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாட முன்வந்தார் ஆடம்ஸ். அப்போது அவருக்கு வயது 73. அந்த நீதிமன்றத்தில் வழக்காடி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. 1841ஆம் ஆண்டு பிப்ரவரி 24, மார்ச் 1 ஆகிய இரு நாள்களில் பல மணி நேரம் பேசினார். மார்ச் 9ஆம் நாள், அவர்கள் சுதந்திர மனிதர்களே என்று தீர்ப்பு வந்தது. உயிரோடு எஞ்சியிருந்த 35 பேர் அந்த ஆண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

1848ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், அவையில் தம் இருக்கையிலேயே மயங்கிச் சரிந்தார் ஆடம்ஸ். இரண்டு நாள்களுக்குப்பின் அதே கட்டடத்தில், அவைத்தலைவரின் அறையில் உயிர் துறந்தார். அவர் விரும்பிய விடுதலை நாளை அவர் காணவில்லை. அடிமைமுறை நாடு முழுவதும் ஒழிக்கப்பட்டது 1865ஆம் ஆண்டில்தான். ஆனால் ஆடம்ஸ் சரிந்து விழுந்த நாள்களில் அதே அவையில் உறுப்பினராக இருந்த ஓர் இளைஞர், பின்னாளில் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அவர் ஆபிரகாம் லிங்கன்.

ஓர் உண்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதிகாரம் கையிலிருந்த நான்கு ஆண்டுகளில், அடிமைமுறைக்கு எதிராக ஆடம்ஸ் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அதிகாரம் போனபின் கிடைத்த ஒரு சாதாரண இருக்கையிலிருந்துதான் குரலற்றவர்களுக்குக் குரலானார். அதற்காகவே வரலாறு இன்றும் அவரைப் போற்றுகிறது.

பணி ஓய்வு பெற்றிருக்கலாம், தேர்தலில் தோற்றிருக்கலாம், பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்திருக்கலாம். நமக்கு எஞ்சியிருக்கும் சிறிய இருக்கை எது? அதிலிருந்து நாம் யாருக்காகப் பேசப்போகிறோம்? சிந்திப்போம்.