ஒளியைத் தீட்டிய ரெம்பிராண்ட்

நெதர்லாந்து நாட்டின் தலைநகரமாகிய ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. இப்போதுள்ள கட்டிடம் 1885ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பல நாடுகளிலிருந்தும் வருவோரைச் சிறு சிறு குழுக்களாக வழிகாட்டிகள் உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஆவலோடு தேடிச் செல்வது ரெம்பிராண்ட் தீட்டிய ‘இரவுக் காவல்’ என்னும் மாபெரும் ஓவியத்தை. ஆனால் அங்குள்ள அவருடைய சிறிய படங்களையும் நின்று பார்த்தால், அவர் வாழ்க்கையின் பெரும்பகுதியை அந்தச் சுவர்களிலேயே படித்துவிடலாம். நாமும் அப்படி ஒரு குழுவுடன் நடப்பதாக எண்ணிக்கொள்வோம், தோழியரே!

முதலில் ஒரு சிறு பலகை. நமது நோட்டுப் புத்தகம் அளவே இருக்கும். ஏறத்தாழ 1628இல், தமது இருபத்திரண்டாம் வயதில், ரெம்பிராண்ட் தம்மைத் தாமே வரைந்துகொண்ட படம் அது. சுருட்டை முடியும் கன்னமும் வெளிச்சத்தில் இருக்க, கண்கள் மட்டும் நிழலில் மறைந்திருக்கின்றன. இவர் 1606ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் லைடன் நகரில் பிறந்தவர். தந்தை மாவு ஆலை வைத்திருந்தார். தாய் ரொட்டி சுடுபவரின் மகள். படிக்கட்டும் என்று பெற்றோர் பல்கலைக்கழகத்தில் பெயர் பதியச் செய்தனர். மகனின் மனமோ தூரிகையை நாடியது.

அடுத்து, 1631இல் தீட்டிய முதியவள் படம். மடியில் பெரிய வேதப் புத்தகம். சுருக்கம் விழுந்த கை, எழுத்துகளைத் தடவியபடி இருக்கிறது. ஒளி முகத்தின் மேல் விழாமல் புத்தகத்தின் மேல் விழுகிறது! தம் தாயையே பார்த்து இதை வரைந்தார் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தபின் புகழும் பணமும் குவிந்தன. 1634இல் சாஸ்கியா என்னும் நங்கையை மணந்தார். 1639இல் 13,000 கில்டர் விலையில் பெரிய வீடு வாங்கினார். அந்த வீட்டின் கடன்தான் பின்னாளில் அவரைக் கவிழ்த்தது. பிறந்த குழந்தைகள் மூவர் அடுத்தடுத்து இறந்தனர். 1641இல் பிறந்த டைட்டஸ் மட்டும் பிழைத்தான். அவனுக்கு ஒரு வயது நிறைவதற்குள், 1642இல் சாஸ்கியா இறந்துபோனாள். அவளுக்கு வயது 29 தான்.

அதே ஆண்டில்தான் ‘இரவுக் காவல்’ முடிந்தது. நகரக் காவல் படையினர் தங்கள் மண்டபத்துக்காகக் கேட்ட படம் இது. உண்மையில் இது பகல் காட்சியே. மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப்போனதால் பிற்காலத்தார் இரவு என்று பெயரிட்டுவிட்டனர். ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். முதலில் இதைவிடப் பெரிதாக இருந்தது. 1715இல் நகர மண்டபத்தின் சுவரில் பொருந்தவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள்! இந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது? துப்பாக்கியும் ஈட்டியும் ஏந்திய ஆண்களின் நடுவே, இடுப்பில் ஒரு கோழியைத் தொங்கவிட்டபடி, பொன்னிற உடையில் ஒரு சிறுமி ஒளி வீசி நிற்கிறாள். கோழியின் நகம் அந்தப் படையின் சின்னமாம். எனக்கோ தளபதியைவிட அவளையே மீண்டும் மீண்டும் பார்க்கத் தோன்றுகிறது.

இனிச் சொல்வது, அவர் புகழைப் பாடும்போது எளிதில் விட்டுவிடக்கூடிய செய்தி. தாயற்ற டைட்டஸை வளர்க்க ஹேர்ட்யா டிர்க்ஸ் என்னும் விதவை அந்த வீட்டுக்கு வந்தாள். தம்மை மணப்பதாக வாக்களித்து ஏமாற்றினார் என்று 1649இல் அவள் வழக்குத் தொடுத்தாள். ஆண்டுக்கு 200 கில்டர் கொடுக்க வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே ரெம்பிராண்ட் ஏற்பாடு செய்து அவளை கௌடா நகரத்துச் சீர்திருத்தச் சிறையில் அடைக்கச் செய்தார். 1655இல்தான் அவள் வெளியே வந்தாள். முதியவளின் கையை அத்தனை பரிவோடு வரைந்த கை, இதற்கும் துணிந்ததே! அவளுடைய படம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஓவியம் ஒன்றுகூட இல்லை.

1656இல் ரெம்பிராண்ட் நொடித்துப்போனார். அதிகாரிகள் வீட்டுப் பொருள்களை 363 வரிகளில் பட்டியலிட்டனர். வீடு ஏலம் போயிற்று. அதன்பின் அவருக்குத் துணை நின்ற ஹென்ட்ரிக்யாவும் மகன் டைட்டஸும் சேர்ந்து ஒரு வியாபாரம் தொடங்கி, அவரையே அதில் வேலைக்காரராக வைத்துக்கொண்டார்கள். அவர் வரைவதைக் கடன்காரர்கள் பறிக்காமலிருக்க இந்த யுக்தி!

அந்த 1660ஆம் ஆண்டில் வரைந்த படம்தான் எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொடுவது. பிரான்சிஸ்கன் துறவியின் பழுப்பு அங்கியில், தலையைச் சற்றே தாழ்த்தி நிற்கிறான் டைட்டஸ். அக்காலத்து ஆம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கர் வெளிப்படையாகத் திருப்பலி நடத்தவும் அனுமதியில்லை. இருந்தும் தம் ஒரே மகனுக்கு இந்த அங்கியை அணிவித்துப் பார்த்திருக்கிறார் தந்தை. அடுத்த ஆண்டில் புனித பவுலின் கோலத்தில் தம்மையே வரைந்தார். சுருங்கிய நெற்றி, உயர்ந்த புருவம். இளமையில் நிழலில் ஒளித்த கண்கள் இப்போது நேரே நம்மைப் பார்க்கின்றன.

1663இல் ஹென்ட்ரிக்யா இறந்தாள். 1668இல், மணமாகிச் சில மாதங்களிலேயே, டைட்டஸும் போனான். 1669 அக்டோபர் 4ஆம் நாள் ரெம்பிராண்ட் கண்மூடினார். மேற்குத் தேவாலயத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு குழியில் அவரை அடக்கம் செய்தார்கள். அருங்காட்சியகத்திலிருந்து அங்கே நடந்தே போகலாம். ஆனால் அவர் துயிலும் இடம் இதுதான் என்று காட்ட எந்த வழிகாட்டியாலும் முடியாது.