தோற்றுத் தேறிய மருத்துவ மேதை



சோளிங்கர் பெரியமலை ஏறியிருக்கிறீர்களா? ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். பெரியவர்கள் மூச்சு வாங்கி உட்காரும்போது நீங்கள் துள்ளி ஓடுவீர்கள். அப்படி ஓடியாடும் வயதில், அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு முழங்காலை ஒட்டிய எலும்பில் புற்றுநோய் வருவதுண்டு. அதை எதிர்க்கும் முக்கிய மருந்து ஒன்று கிடைக்கக் காரணமானவர், நம் சென்னையில் படித்தவர். அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அவருடைய சகோதரர்கள் இருவர், உண்ட உணவு உடலில் ஒட்டாத 'ஸ்ப்ரூ' நோயால் அடுத்தடுத்து இறந்தனர். அந்தத் துயரம் அவரை ஆராய்ச்சிக்குத் தூண்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்று ஹார்வர்டில் படித்தார். செலவுக்காக இரவில் மருத்துவமனையில் கடைநிலை ஊழியராக வேலை பார்த்தார்.

1940ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். ஸ்ப்ரூ நோயைத் தணிக்கும் போலிக் அமிலத்தை அவரது குழு செயற்கையாகத் தயாரித்தது. செல்கள் பெருக இந்த வைட்டமின் தேவை. புற்றுநோய் செல்லுக்கும் தேவை! எனவே அதைப் போன்றே தோன்றும் போலிப் பொருள்களையும் உருவாக்கினர். பூட்டில் தவறான சாவி சிக்கிக்கொண்டால், சரியான சாவி நுழையுமா? நுழையாது. செல் பெருகுவதும் அப்படித்தான் தடைபடும்.

அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை, பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. இந்த முடிவு வெளியான 1948ஆம் ஆண்டிலேயே, 53 வயதில் சுப்பாராவ் மறைந்தார்.

எலும்புப் புற்றுநோய் ஓரிடத்தில் நிற்காது. அதன் செல்கள் ரத்தத்தில் கலந்து நுரையீரலில் குடியேறும். காலையே எடுத்தாலும் அக்காலத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கவில்லை. 1970களில், சுப்பாராவ் குழு தந்த இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை அதே பாஸ்டன் மருத்துவர்கள் அதிக அளவில் கொடுத்துப் பார்த்தனர். ஒளிந்திருந்த செல்களையும் அது தாக்கியது! இன்று வேறு மருந்துகளும் சேர்ந்து, நோய் பரவுமுன் வருபவர்களில் மூவரில் இருவர் பிழைக்கிறார்கள். பலருக்குக் காலையும் காப்பாற்ற முடிகிறது.

குழந்தைகளே, எல்லாக் கால்வலியும் புற்றுநோய் அல்ல. ஆனாலும் இரவிலும் விடாத வலியோ வீக்கமோ இருந்தால், மறைக்காமல் அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். தேர்வில் தோற்றாலும் துவண்டுவிடாதீர்கள். இருமுறை தோற்ற ஒருவர்தான் இத்தனை பிள்ளைகளுக்கு வாழ்வு தந்தார்!