வல்வை தந்த நீச்சல் வீரர்

மட்டக்களப்பு வாவிக் கரையிலே வளரும் நம் மாணவர், வல்வெட்டித்துறை ஈன்ற வி. எஸ். குமார் ஆனந்தனை அறிதல் நன்று. 1943 இல் பிறந்த அவரது காலைக் குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளைவாதம் நலித்தது. நிலத்திலே தடையான அக்கால் நீரிலே தடையாகவில்லை. 1954 இல் நவரத்தினசாமி நீந்திக் கடந்த பாக்கு நீரிணையை, 1971 இல் ஆனந்தன் போகவும் மீளவும் 51 மணித்தியாலத்தில் நீந்தினார். சட்டத்தரணியாகத் தொழில் பூண்டும் அவரது சாதனை வேட்கை தணியவில்லை. ஒற்றைக் காலிலே 33 மணித்தியாலம் நின்றும் காட்டினார். 1984 ஆகஸ்ட் 6 ஆம் நாள், ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது, தமது 41 ஆம் அகவையில் உயிர்நீத்தார். அதனைத் தோல்வியென எழுத எமது கை கூசுகின்றது. அவர் துணிவைப் போற்றும் நாம், நீரின் வலிமையை மதித்தே இறங்குமாறு இளையோரை வேண்டுகின்றோம்.