கள் போனது, வரி வந்தது!

1937-ம் ஆண்டு. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதம மந்திரியானார். நிதி இலாகாவையும் அவரே வைத்துக்கொண்டார்.

சேலத்தில் வக்கீலாக இருந்தவர் அவர். 1917 முதல் 1919 வரை அந்த ஊர் நகரசபைத் தலைவர். 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்காக "விமோசனம்" என்ற பத்திரிகையை அங்கிருந்தே நடத்தினார்.

1937 அக்டோபர் 1-ந் தேதி, முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. நாமக்கல்லும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது. கள்ளுக்கடைகள் மூடப்பட்டன.

மது வரியோ சர்க்காரின் பெரிய வருமானம். அது போனால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் ஏது?

செலவை வெட்டுவது ஒரு வழி. பணக்கார நாடான பிரிட்டனே 1931-ல் பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும், வேலையில்லாதவர்களின் உதவித் தொகையில் நூற்றுக்குப் பத்து குறைத்தது.

ராஜாஜியும் சிக்கனக்காரர்தான். காங்கிரஸ் மந்திரிகளுக்கு மாதச் சம்பளம் 500 ரூபாய்தான். ஆனால் சிக்கனம் மட்டும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. 1939-ல் விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். பொது விற்பனை வரி என்பது இந்தியாவுக்கே புதிது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். அவர் பின்வாங்கவில்லை.

அந்த அக்டோபரில் யுத்தப் பிரச்சினையால் மந்திரிசபை ராஜினாமா செய்தது. வரி மட்டும் நிலைத்துவிட்டது. மற்ற மாகாணங்களும் அதைப் பின்பற்றின.

1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. வேண்டாம் என்று முதுமையிலும் வாதாடினார் ராஜாஜி. பலன் இல்லை. 1972 டிசம்பர் 25-ந் தேதி காலமானார்.

மதுப் பணத்துக்கு மாற்றாக அவர் கொண்டுவந்த வரியின் வாரிசு, இன்று மது விற்பனையிலும் வசூலாகிறது!