மறைந்த பின்னும் ஓயாத சாக்ஸபோன்: ஆல்பர்ட் ஐலர்

1967 ஜூலை மாதம், நியூயார்க் தேவாலயம் ஒன்றில் ஜாஸ் இசை மேதை ஜான் கோல்ட்ரேனின் இறுதிச் சடங்கு நடந்தது. அங்கே சாக்ஸபோன் வாசித்து அஞ்சலி செலுத்தியவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஐலர். அவர் வாசிக்க வேண்டும் என்பது கோல்ட்ரேனின் விருப்பம். ஆனால், அந்த மேதை மதித்த ஐலருக்குப் பெரிய ரசிகர் கூட்டமும் இல்லை, நிலையான வருமானமும் இல்லை.

ஐலர் 1936 ஜூலை 13ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் கிளீவ்லேண்ட் நகரில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை எட்வர்ட்தான் முதல் ஆசான். சிறுவயதில் தந்தையும் மகனும் தேவாலயத்தில் சேர்ந்து வாசித்தனர். பின்னர் இராணுவத்தில் சேர்ந்து, பிரான்சில் இராணுவ இசைக்குழுவில் இருந்தார். தேவாலயப் பாடலும் இராணுவ அணிவகுப்பு இசையும் அவர் வாசிப்பை விட்டு அகலவே இல்லை.

சிறுபிள்ளையும் முணுமுணுக்கக்கூடிய எளிய மெட்டில் அவர் தொடங்குவார். பிறகு சுரக்கணக்கு, தாளக்கட்டு எல்லாவற்றையும் விட்டுவிடுவார். விம்மல், நடுக்கம், அலறல் எல்லாம் அந்தக் குழலிலிருந்து வரும். இதுதான் 'ஃப்ரீ ஜாஸ்' எனப்படும் கட்டற்ற ஜாஸ். வாசிக்கத் தெரியாதவர் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. ஐலர் தம் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை.

1964இல் பேஸ் கலைஞர் கேரி பீகாக், டிரம்ஸ் கலைஞர் சன்னி மர்ரே ஆகியோருடன் அவர் பதிவு செய்த 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' இசைத்தட்டு, இன்று அத்துறையின் முக்கியப் பதிவாகப் போற்றப்படுகிறது. ஐலரைவிடப் பத்து வயது மூத்தவரான கோல்ட்ரேனின் இறுதிக்கால வாசிப்பிலும் அவரது தாக்கம் உண்டு.

1970 நவம்பர் 25ஆம் தேதி, நியூயார்க் கிழக்கு ஆற்றில் ஐலரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 34.

அவர் இசை அதோடு முடியவில்லை. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் டேவிட் மர்ரே, 1976இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டுக்கு 'ஆல்பர்ட்டுக்கு மலர்கள்' என்ற பொருளில் பெயரிட்டார். ஜெர்மனியின் பீட்டர் புரோட்ஸ்மான், 1990களில் ஐலர் நினைவாகவே ஒரு நால்வர் குழுவை அமைத்தார்.

கித்தார் கலைஞர் மார்க் ரிபோ, ஐலரின் இசைத்தட்டின் பெயரையே தம் குழுவுக்குச் சூட்டி, 2005இல் அவரது மெட்டுகளை வெளியிட்டார். அதில் பேஸ் வாசித்தவர், ஒரு காலத்தில் ஐலருடனேயே வாசித்த ஹென்ரி கிரைம்ஸ். ஐலர் மறைந்து 35 ஆண்டுகள் கழித்தும், அவருடைய மெட்டுகளைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள்.