கூனியாக நடித்த லலிதா பவார்

1987-88-ல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டெலிவிஷனில் "ராமாயணம்" பார்த்தவர்கள், கைகேயியின் மனதைக் கலைத்த கூனியை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கண்ணைச் சுருக்கி அவர் பார்த்த பார்வையே பயமுறுத்தும். ஆனால் அது நடிப்புக்காகச் சுருக்கிய கண் அல்ல.

லலிதா பவார் 1916-ம் ஆண்டு நாசிக் மாவட்டம் யேவலாவில் பிறந்தார். இயற்பெயர் அம்பிகா. சிறுமியாக ஊமைப் படத்தில் நடிக்க வந்தவர், கதாநாயகியாக உயர்ந்தார்.

1942-ல் ஒரு படப்பிடிப்பு. கதைப்படி நடிகர் பகவான் அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும். அறை பலமாக விழுந்துவிட்டது. முகத்தில் வாதம் கண்டது. சுமார் 3 ஆண்டுகள் வைத்தியம் பார்த்தும் இடது கண் சரியாகவில்லை.

கதாநாயகி வேஷம் போயிற்று. லலிதா வீட்டில் முடங்கவில்லை. அந்தக் கண்ணோடு கொடுமைக்கார மாமியாராக நடித்தார். "ஸ்ரீ 420" (1955) படத்தில் வாழைப்பழம் விற்றார். "அனாடி" (1959) படத்தில், அதட்டிக்கொண்டே அன்பு காட்டும் வீட்டுக்கார அம்மாளாக வந்து பிலிம்பேர் பரிசு பெற்றார்.

கூனி வேஷம் வந்தது 70 வயதில். 1998 பிப்ரவரி 24-ந் தேதி புனேயில் காலமானார்.

இயந்திரத்தில் விரலை இழந்து, இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று கலங்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. லலிதா பவார், விபத்துக்கு முன்பு நடித்ததைவிடப் பின்பு நடித்ததுதான் அதிகம். ஊர் நினைவில் நிற்பதும் அதுதான்.